வகுப்பில் போன் வழியாகப் பதில் வாங்குவது: எந்தக் கருவி, எப்படிக் கேட்பது?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்கு பேசிக் எலெக்ட்ரிகல் எடுக்கிறேன். ஒரு செக்‌ஷனுக்கு 60 பேர். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் முன்வரிசையில் நாலைந்து தலை ஆடும். மற்றவர்களுக்கு என்ன புரிந்தது, எங்கே சிக்கினார்கள் என்பதெல்லாம் இன்டர்னல் பேப்பர் திருத்தும்போதுதான் தெரிகிறது. அதற்குள் பாடம் இரண்டு யூனிட் தள்ளிப் போயிருக்கும்.

பிள்ளைகள் எல்லோரிடமும் போன் இருக்கிறது. வரும் செமஸ்டரில் இணைய வழியாகப் பதில் வாங்கும் கருவி ஒன்றை வகுப்பிலேயே பயன்படுத்தலாம் என்று இருக்கிறேன். எச்ஓடி (துறைத் தலைவர்) சரி என்று சொல்லிவிட்டார். கஹூட், சோக்ரேடிவ், மென்டிமீட்டர், கூகுள் ஃபார்ம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது? மதிப்பெண் வைக்கலாமா? நெட் சரியாக இல்லாத அறையில் என்ன செய்வது? பயன்படுத்திப் பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வட்டக்கோடு எழுதியது:

கஹூட்தான் சார், யோசிக்கவே வேண்டாம். நான் கணிதம். மதியம் முதல் பீரியடில் பாதி வகுப்பு தூங்கிவிழும் நேரத்தில் அது போடும் இசையைக் கேட்டாலே எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். உள்ளே நுழைவதற்கான கோடு எண்ணைத் திரையில் காட்டினால் போதும், பெயர் அடித்து உள்ளே வந்துவிடுவார்கள். யூனிட் முடிவில் பத்துக் கேள்வி போட்டால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். நார்வேயில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து வந்த கருவி அது, 2013 முதல் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. சும்மா இல்லை.

---

நிறமாலை எழுதியது:

காவிரிக்கரை சார், எந்தக் கருவி என்பதைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். கேள்வி என்ன, பதில் வந்த பிறகு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்ற இரண்டும்தான் முதலில் முடிவாக வேண்டும். பல வருடமாக கலைக் கல்லூரியில் இயற்பியல் எடுப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

பாடத்தின் நடுவில் கேள்வி கேட்டு, பதிலைப் பார்த்து அடுத்த அடி வைக்கும் இந்த முறைக்கு வேர் ஹார்வர்டில் இருக்கிறது. எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் அங்கே நன்றாகப் பாடம் எடுப்பவர் என்று பெயர் வாங்கியவர். மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டுவிடுகிறார்கள், அவருக்கும் திருப்தி. 1990 வாக்கில், நியூட்டன் விதிகளைக் கணக்கே இல்லாமல் சாதாரண வார்த்தைகளில் சோதிக்கும் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு மாணவி கேட்டாராம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா? அந்தக் கேள்வி அவரை உலுக்கிவிட்டது. 1991 முதல் பாடம் எடுக்கும் முறையையே மாற்றினார்.

அவர் முறை இதுதான். கொஞ்ச நேரம் பாடம். பிறகு ஒரு கருத்துக் கேள்வி. ஒவ்வொருவரும் யாரிடமும் பேசாமல் யோசித்துத் தனியாகப் பதில் போட வேண்டும். ஆசிரியர் முடிவைப் பார்க்கிறார், மாணவர்களுக்குக் காட்டுவதில்லை. சரியான பதில் சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், "பக்கத்தில் இருப்பவர் வேறு பதில் போட்டிருந்தால் அவரைச் சம்மதிக்க வையுங்கள்" என்று இரண்டு மூன்று நிமிடம் பேச விடுகிறார். அதே கேள்விக்கு மறுபடி பதில். அப்புறம்தான் விளக்கம். 30க்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பயன் இல்லை, பாடத்தையே வேறு விதமாகச் சொல்ல வேண்டும். 70க்கு மேல் என்றால் ஓரிரு வரி விளக்கிவிட்டு நகர்ந்துவிடலாம்.

என் வகுப்பில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று. செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? பூஜ்யம், கீழ்நோக்கி 9.8, மேல்நோக்கி 9.8. முதல் சுற்றில் பாதிக்கு மேல் பூஜ்யம் என்றுதான் போடுகிறார்கள். பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் அதில் உண்டு. பேச விட்டால் பெஞ்சுகளுக்கு இடையே கேட்பது இப்படி இருக்கும்: "நின்னுருச்சுன்னா எல்லாமே ஜீரோதானே?" "முடுக்கமும் ஜீரோன்னா அப்புறம் ஏன்டா கீழே வருது? அங்கேயே நிக்கணுமே!" இந்த வாதத்தை நான் சொன்னால் நோட்டில் ஒரு வரியாக ஏறும். பக்கத்து சீட்டுப் பையன் சொன்னால் மண்டையில் ஏறுகிறது. அவன் அந்தக் குழப்பத்தைத் தாண்டி வந்து ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். எந்த இடத்தில் இடிக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

வட்டக்கோடு சொன்ன யூனிட் முடிவு வினாடி வினாவும் நல்லதுதான். ஆனால் காவிரிக்கரை சாருக்கு வேண்டியது பாடம் நடக்கும்போதே பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது. அதற்குப் பத்துக் கேள்வி வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு இரண்டோ மூன்றோ போதும்.

---

வட்டக்கோடு எழுதியது:

நிறமாலை சார், கேட்க நன்றாக இருக்கிறது. சிலபஸ்? ஒரு கேள்விக்கு இரண்டு சுற்று, நடுவில் பேச்சு, பிறகு விளக்கம் என்றால் பத்து நிமிடம் போய்விடும். ஐந்து யூனிட்டை எப்போது முடிப்பது? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நன்றாகப் படிக்கிற பையன் சொன்னதை மற்றவர்கள் அப்படியே போட்டுவிட்டால் இரண்டாம் சுற்றில் சதவீதம் கூடத்தான் செய்யும். அதைப் புரிதல் என்று எப்படிச் சொல்வது?

---

நிறமாலை எழுதியது:

இரண்டாவது கேள்வி சரியான கேள்வி. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பு ஒன்றில் இதையே சோதித்தார்கள், 2009இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஒரு கேள்விக்குத் தனியாகப் பதில், பேசிவிட்டு அதே கேள்விக்கு மறுபதில், அதன் பிறகு அதே கருத்தை வேறு வடிவத்தில் கேட்கும் இன்னொரு கேள்விக்குத் தனியாகப் பதில். வெறும் காப்பி என்றால் மூன்றாவதில் பலர் விழுந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் சரியான பதில் தெரியாத இடங்களிலும் பேச்சுக்குப் பிறகு முன்னேற்றம் இருந்ததாக அவர்கள் கணக்கு காட்டினார்கள். நீங்களும் அப்படி ஒரு ஜோடிக் கேள்வி வைத்துக்கொண்டால் உங்கள் வகுப்பிலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் ஒன்று. முதல் சுற்றின் பட்டை வரைபடத்தைத் திரையில் காட்டிவிட்டுப் பேசச் சொல்லாதீர்கள். எந்தப் பட்டை உயரமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், காரணமே பேச மாட்டார்கள். பல கருவிகளில் முடிவை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து முதலிலேயே அமைத்துவிடுங்கள்.

சிலபஸ் பற்றி: நேரம் போகத்தான் செய்யும், மறுக்கவில்லை. புத்தகத்தில் தெளிவாக இருக்கும் வரையறைகள், சூத்திரத் தருவிப்பின் (டெரிவேஷன்) நடு வரிகள் போன்றவற்றை வீட்டுக்குத் தள்ளிவிட்டேன். மசூரும் அப்படித்தான் செய்தார், முன்கூட்டியே படித்துவிட்டு வரச் சொன்னார். எல்லோரும் படித்து வருகிறார்களா என்றால் இல்லை. ஆனாலும் கரும்பலகையில் முழுத் தருவிப்பையும் எழுதி அவர்கள் அதைப் பார்த்து எழுதுவதைவிட இந்தப் பத்து நிமிடம் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

---

ஆய்வக_அக்கா எழுதியது:

அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது. அதில் எனக்கும் உடன்பாடுதான். கணினிகள் உள்ள ஹைடெக் லேப் இருக்கிறது. எல்லா வகுப்புக்கும் சுற்றி வர வேண்டும், ஒவ்வொரு பீரியடுக்கும் கிடைக்காது.

அதனால் நான் பிளிக்கர்ஸுக்குப் போனேன். இங்கே யாரும் அதைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஆசிரியரிடம் மட்டும் போன் இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் கறுப்பாக ஒரு சதுர வடிவம், ஒவ்வொரு அட்டைக்கும் வேறு வேறு. நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி இருக்கும். தன் விடை எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால், முன்னால் நின்று போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக ஓட்டினால் போதும், எல்லாப் பதிலும் பதிவாகிவிடும். பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்து விடையைக் கண்டுபிடிக்க முடியாது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை: அட்டையைப் பளபளக்கும் லேமினேஷன் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. கெட்டி அட்டையில் ஜெராக்ஸ் எடுத்தாலே போதும். விரல் கறுப்புப் பகுதியை மறைக்கக் கூடாது, ஓரத்தில் பிடிக்கச் சொல்லிப் பழக்குங்கள். பின்வரிசை படியவில்லை என்றால் நாம்தான் இரண்டடி முன்னே போக வேண்டும்.

கேள்வி ஒன்றும் சொல்கிறேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது எழும் குமிழிகளுக்குள் இருப்பது என்ன? காற்று, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், நீராவி, வெறும் வெப்பம். தினமும் வீட்டில் பார்க்கிற விஷயம். பிளஸ் ஒன் பிள்ளைகள் காற்று என்பார்கள். ஃபார்முலா நன்றாகத் தெரிந்தவர்கள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார்கள், நீர் பிரிந்துவிட்டது என்று காரணமும் சொல்வார்கள். அந்தத் தவறான விடைதான் எனக்குப் பெரிய தகவல். நிலை மாற்றத்தையும் வேதி மாற்றத்தையும் எங்கே குழப்பிக்கொள்கிறார்கள் என்பதை அது காட்டிவிடுகிறது. "புரிஞ்சுதா" என்று நூறு தடவை கேட்டாலும் இது வெளியே வராது.

---

நிறமாலை எழுதியது:

அக்கா சொன்னதற்கு ஒரு சான்று. மசூரும் தொடக்கத்தில் அட்டைகளை வைத்துத்தான் நடத்தினார். பிறகு கையடக்க ரிமோட் போன்ற கிளிக்கர்கள் வந்தன, அதன் பின்தான் போனும் பிரவுசரும். கனடாவில் நத்தானியல் லாஸ்ரி என்பவர் இதே முறையை ஒரு வகுப்பில் கிளிக்கர் வைத்தும் இன்னொரு வகுப்பில் அட்டை வைத்தும் நடத்தி ஒப்பிட்டு 2008இல் எழுதினார். கற்றலில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. ஆசிரியருக்குப் பதிவும் எண்ணிக்கையும் கையில் கிடைப்பதுதான் மின்னணுக் கருவியின் வசதி. அந்த வசதி பெரியதுதான், குறிப்பாக 60 பேர் வகுப்பில். ஆனால் கற்றுக்கொடுப்பது கேள்வியும் அதன் பின் நடக்கும் பேச்சும்.

---

மூணாம்_பெஞ்ச் எழுதியது:

நான் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆசிரியர்கள் பேசுமிடத்தில் எழுதலாமா தெரியவில்லை, ஆனாலும் எங்கள் பக்கமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள். முதலாண்டில் வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. பதில் தெரிந்தாலும் ஆங்கிலத்தில் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். ஒரு மேடம் பெயர் காட்டாமல் பதில் வாங்குவார்கள். அப்போதுதான் என் சந்தேகம் வகுப்பில் பாதிப் பேருக்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அது கொடுத்த தைரியம் பெரியது. மேடம் "பி போட்டவங்க எதுக்காகப் போட்டிருப்பாங்க, யாராவது சொல்லுங்க" என்று கேட்பார்கள். "நீ ஏன் பி போட்டாய்" என்று கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்குக் கை தூக்க முடிந்தது, என் விடை என்று யாருக்கும் தெரியாதே.

வேகத்துக்குப் பாயிண்ட் கொடுப்பதுதான் கஷ்டம். கேள்வியை ஆங்கிலத்தில் படித்து மனதுக்குள் தமிழில் புரிந்துகொள்வதற்குள் மற்றவர்கள் அழுத்திவிடுவார்கள். முதல் இரண்டு கேள்வியில் பின்தங்கினால் அதற்குப் பிறகு யோசிக்கவே தோன்றாது, ஏதோ ஒன்றை அழுத்திவிடுவோம். தயவுசெய்து நேரம் கொடுங்கள்.

---

வட்டக்கோடு எழுதியது:

தாராளமாக எழுதம்மா, நீ எழுதியதுதான் இந்த இழையில் எங்களுக்கு அதிகம் தேவை.

கஹூட்டில் வேகக் கணக்கு இப்படித்தான். உடனே சரியாகப் போட்டால் 1000 பாயிண்ட், கடைசி நொடியில் சரியாகப் போட்டால் ஏறக்குறைய பாதி. இதைக் கணித வகுப்பில் வைத்தால் யோசிப்பவனுக்குத் தண்டனை என்பது புரிகிறது. ஆனால் அதைத் திருத்த வழி இருக்கிறது. கேள்விக்கு 20 நொடி என்று இருப்பதை நான்கு நிமிடம் வரை நீட்டலாம், பாயிண்டே இல்லாமலும் வைக்கலாம். கஹூட் பற்றி வந்த 93 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் ஒரு கட்டுரை வந்தது. மதிப்பெண், வகுப்புச் சூழல் இரண்டிலும் பெரும்பாலும் நல்ல பலன் என்கிறது. மாணவர்கள் சொன்ன குறைகளையும் அது மறைக்கவில்லை: நேர அழுத்தம், போட்ட விடையை மாற்ற முடியாதது, நெட் தகராறு, தோற்றுவிடும் பயம். எழுதியவர்களில் ஒருவர் கஹூட் உருவாகக் காரணமான பேராசிரியர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனிமேல் புதிய கருத்துக்கு வேகப் போட்டி வைப்பதில்லை. வாய்ப்பாடு, சூத்திரம் மாதிரி கைப்பழக்கம் ஆக வேண்டியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

---

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தமிழிலேயே கேள்வி போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்.

கஹூட்டில் கேள்விக்கு 120 எழுத்து, விடைக்கு 75 எழுத்து என்று எல்லை இருக்கிறது. ஆங்கிலத்துக்குத் தாராளம். தமிழில் நாங்கள் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கணினி இரண்டாக எண்ணும். மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குக் கொம்பும் காலும் தனி. மின்னோட்டம் எங்களுக்கு ஆறு எழுத்து, கணினிக்கு 11. அரைவாசிக் கேள்வியிலேயே இடம் முடிந்துவிடும். நான் செய்வது, கேள்வியைக் கரும்பலகையில் முழுதாக எழுதிவிட்டுக் கருவியில் விடைப் பொத்தான்களை மட்டும் திறப்பது. சோக்ரேடிவில் அதற்கென்றே குயிக் கொஸ்டின் இருக்கிறது, முன்கூட்டி எதையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. படம் வரைய வேண்டிய கேள்விக்கும் இதுதான் சுகம். இணைப்பு மெதுவான இடத்திலும் வேலை செய்யும், போய் வருவது ஓர் எழுத்துத்தானே.

சிறு விடையைத் தமிழில் தட்டச்சு செய்யச் சொன்னால் தானாகத் திருத்துவதை நம்ப வேண்டாம். ஒரு பிள்ளை ஒளித்தொகுப்பு என்று எழுதும், இன்னொரு பிள்ளை நடுவில் இடைவெளி விட்டு எழுதும். கருவி ஒன்றைப் பிழை என்று காட்டிவிடும். அந்தப் பிள்ளை மனம் உடைந்துவிடும். அப்படியான விடைகளை நாங்களே வாசிப்பதுதான் முறை.

நெட் பற்றி: உங்கள் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு முழு வகுப்பையும் ஏற்ற நினைக்காதீர்கள் சேர், பத்துப் பேர் அளவில் நின்றுவிடும். பிள்ளைகள் தங்கள் தங்கள் டேட்டாவில் வரட்டும். டேட்டா இல்லாத பிள்ளை யாரென்று வகுப்புக்கே தெரியும்படி மட்டும் விடக் கூடாது. "இரண்டு பேருக்கு ஒரு போன்" என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேருக்கு ஒரு போன் என்றால் இன்னொரு வசதியும் இருக்கிறது. இலவசத் திட்டங்களில் பலவற்றுக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு உண்டு, என் 60 பேர் அதற்குள் அடங்கிவிடுவார்கள். ஆனால் முதல் சுற்றில் தனியாக யோசிக்க வேண்டும் என்றார் நிறமாலை சார். அது கெட்டுப்போகாதா?

மதிப்பெண் பற்றியும் யாரும் சொல்லவில்லை. வருகைப் பதிவையும் இதிலேயே எடுத்துவிடலாம் என்று துறையில் ஒரு யோசனை இருக்கிறது. கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்குக் காட்டும் கோப்புக்கும் ஆகும் என்கிறார்கள்.

---

நிறமாலை எழுதியது:

முதல் சுற்றை நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விடை எழுத்தையும் ஒரு வரிக் காரணத்தையும் ஒவ்வொருவரும் எழுதட்டும். அதன் பிறகு முதல் ஆள் போடட்டும், அடுத்து அதே போனில் இரண்டாம் ஆள் போடட்டும், கருவி அனுமதித்தால். இல்லையென்றால் முதல் சுற்றுக்கு விரல் போதும்: மார்போடு ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டச் சொல்லுங்கள், உங்களுக்கு மட்டும் தெரியும். பேசிய பிறகு ஜோடியாக ஒரே பதில் போனில் வரட்டும்.

வருகைப் பதிவு வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கோடு எண் போய்ச் சேர ஒரு நொடி ஆகாது, ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டே பதில் போடுவார்கள். பிறகு நீங்கள் பார்க்கும் சதவீதத்துக்கு அர்த்தமே இருக்காது. நாக் கோப்புக்கு ஸ்கிரீன்ஷாட் தாராளமாக எடுத்து வையுங்கள், ஆனால் கேள்வியை அதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சரியான விடைக்கு மதிப்பெண் வைத்தால் பேச்சு செத்துவிடும். கெட்டிக்காரன் சொல்வதைக் கேட்டுப் போடுவதுதான் லாபம் என்று ஆகிவிடும், யாரும் எதிர்த்து வாதாட மாட்டார்கள். வைத்தே தீர வேண்டும் என்றால் கலந்துகொண்டதற்குக் கொஞ்சம் வையுங்கள், விடை சரியோ தப்போ.

---

ஆய்வக_அக்கா எழுதியது:

இன்னும் ஒன்று சேர்க்கிறேன். கேள்வி கேட்டதும் நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வந்தன. கருவி இருந்தாலும் நாம் நடுவில் "யோசிங்க, போன வாரம் சொன்னேனே" என்று குறிப்பு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அந்த அமைதியைக் கெடுக்கக் கூடாது.

---

காவிரிக்கரை எழுதியது:

சரி, முதல் கேள்வியை எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்.

ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் ஒரு பேட்டரியோடு தொடர் இணைப்பில் உள்ளன. முதல் பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் (அ) குறையும் (ஆ) மாறாது (இ) கூடும்.

---

நிறமாலை எழுதியது:

கரு நல்ல கரு. ஆனால் (இ)யை யாரும் போட மாட்டார்கள், அந்த இடம் வீண். "தொடர் இணைப்பில் மின்னோட்டம் ஒன்றே" என்று மனப்பாடம் செய்தவர்கள் (ஆ) போட்டுவிடுவார்கள், புரிந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. மின்னோட்டம் என்ற சொல்லே இல்லாமல் கேளுங்கள்:

எந்த பல்பு அதிக வெளிச்சமாக எரியும்? (அ) நேர்முனைப் பக்கம் உள்ளது (ஆ) எதிர்முனைப் பக்கம் உள்ளது (இ) இரண்டும் ஒரே அளவு.

முதல் பல்பே மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும் என்று நினைப்பவர்கள் (அ) போடுவார்கள். அதே நினைப்போடு, எலக்ட்ரான் எதிர்முனையிலிருந்து கிளம்பும் என்பதையும் படித்தவர்கள் (ஆ) போடுவார்கள். இரண்டு பேருக்கும் குழப்பம் ஒன்றுதான், ஆனால் பேச விட்டால் ஒருவரையொருவர் பலமாக எதிர்ப்பார்கள். அந்தச் சண்டையிலேயே (இ) பக்கம் காரணம் தேட ஆரம்பிப்பார்கள்.

---

வட்டக்கோடு எழுதியது:

ஜோடிக் கேள்விக்கு இது ஆகுமா? அதே மின்சுற்றில் இரண்டாவது பல்புக்கு இணையாக மூன்றாவது பல்பு ஒன்றைச் சேர்த்தால் முதல் பல்பின் வெளிச்சம் என்ன ஆகும்: கூடும், குறையும், மாறாது.

---

நிறமாலை எழுதியது:

அருமையாக ஆகும். மொத்த மின்தடை குறைகிறது, முதல் பல்பு கூடுதலாக எரியும். பலர் "பல்பு கூடினால் பங்கு குறையும்" என்று குறையும் என்பார்கள். பதில் வாங்கி முடித்ததும் லேபிலிருந்து மூன்று பல்பும் ஒரு பேட்டரியும் கொண்டுவந்து மேஜை மேல் எரித்துக் காட்டிவிடுங்கள் சார். விளக்கத்தை அதற்குப் பிறகு ஆரம்பியுங்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

லேப் அசிஸ்டென்ட்டிடம் பல்பு, ஹோல்டர், ஒயர் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். அறையின் கடைசி பெஞ்சில் சிக்னல் கிடைக்கிறதா என்று நாளை பார்த்துவிடுகிறேன். கிடைக்காவிட்டால் அக்கா சொன்ன அட்டை. முதல் வகுப்பு முடிந்ததும் எந்த விடைக்கு எத்தனை பேர் என்று இங்கேயே போடுகிறேன்.